தாய் சேர்த்த சுருதி

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களோடு வீணை, வயலின், மிருதங்கம் முதலிய இசைக்கருவிகளையும் கலைமகளின் திருமுன் வைத்து வழிபடுவது மரபு. இக்காலத்தில் அந்த வரிசையில் கீபோர்டும் இடம்பெற்றுவிட்டது. மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்துக் குழந்தை அதனை வாசிக்கத் தொடங்குகிறது. அடுத்த நவராத்திரிக்குள் அதே கருவி உறைக்குள் புகுந்து அலமாரியின் மேல் ஏறிவிடுவதையும் பல வீடுகளில் காணலாம். 'பிள்ளைக்கு ஆர்வம் போய்விட்டது' என்று பெற்றோர் வருந்துகின்றனர். ஆர்வம் தானாகப் போயிற்றா, அதைக் கேட்பதற்கு வீட்டில் ஆளில்லாமல் போயிற்றா என்பது சிந்திக்கத்தக்கது.

மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்கு அருகே அனுமந்தராயன் கோயில் தெரு உள்ளது. நூறாண்டுகளுக்கு முன் அத்தெருவின் சிறிய வீடொன்றில் வீணைக் கலைஞர் சண்முகவடிவு வாழ்ந்தார். அவருடைய தாயார் அக்கம்மாள் வயலின் வாசிப்பவர். 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 16 அன்று சண்முகவடிவுக்குப் பிறந்த மகளை வீட்டில் குஞ்சம்மா என்று அழைத்தனர். அந்த மகளே பின்னாளில் உலகம் போற்றிய எம்.எஸ். சுப்புலட்சுமி.

அவருடைய முதல் மேடை அனுபவம் சுவையானது. ஒருநாள் சிறுமி மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் அவளைத் தூக்கி, கையிலும் பாவாடையிலும் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, அருகிலிருந்த சேதுபதி பள்ளிக்கு எடுத்துச் சென்றார். அங்கே தாயாரின் வீணைக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. தாய் பாடச் சொன்னார். குழந்தை ஓரிரு பாடல்களைப் பாடியது. அவையோர் கைதட்டினர். குழந்தையின் மனமோ விட்டுவந்த மண் விளையாட்டிலேயே இருந்தது. இதனை எம்.எஸ். அவர்களே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

கைதட்டலுக்கு மயங்காத அந்தக் குழந்தையை இசையில் நிலைக்கச் செய்தது எது? விழித்திருக்கும் நேரமெல்லாம் வீட்டில் ஒலித்த வீணையும், தம்புராவோடு செய்த இடைவிடாத சாதகமும் அதற்குத் துணைநின்றன. தம்புராவை மீட்டியபடி பாடுவார். இடையில் மீட்டுவதை நிறுத்திவிட்டுப் பாடிக்கொண்டே இருப்பார். பின்பு மீண்டும் மீட்டி, குரல் சுருதியிலேயே நிற்கிறதா என்று சோதிப்பார். பத்து வயதை ஒட்டிய பருவத்தில் அவர் பாடிய முதல் இசைத்தட்டில் உடன் ஒலித்ததும் தாயின் வீணையே.

எல்லாப் பெற்றோரும் சண்முகவடிவு ஆக முடியாது, ஆகவேண்டியதும் இல்லை. பியானோவிலும் கீபோர்டிலும் ஸ்வரங்கள் முன்பே அமைந்துள்ளன. கட்டையை அழுத்தினால் உரிய ஒலி எழும்; சுருதியைத் தேட வேண்டியதில்லை. ஆனால் விரல் பழகவும் தாளம் படியவும் நாள்கள் பல வேண்டும். ஒரே வரியை இருபது முறை தவறாக வாசிக்கும் அந்த நாள்களில்தான் குழந்தைக்குத் துணை தேவை. அப்போது 'இவ்வளவு கட்டணம் கட்டியும் இதுதானா?' என்ற சொல் எழுந்தால், அன்றே கருவி பகையாகிவிடும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டாலும், விருந்தினர் வரும்போதெல்லாம் வாசித்துக் காட்டச் சொன்னாலும் விளைவு அதுவே.

தம்புரா ராகம் வாசிப்பதில்லை, தாளம் போடுவதில்லை, பாடுபவரை முந்துவதும் இல்லை. எனினும் அது இல்லாமல் கச்சேரி இல்லை. பெற்றோரின் இடமும் அத்தகையதே. மாலை விளக்கேற்றியபின் கால் மணி நேரம் கைப்பேசியை ஒதுக்கிவைத்துவிட்டுக் குழந்தையின் அருகில் அமர்ந்து கேட்பதற்கு இசைப் பயிற்சி வேண்டியதில்லை. பிழை திருத்துவதை ஆசிரியரிடம் விட்டுவிடலாம். கற்ற இரண்டு வரியை, பிழையோடேனும், பூஜையறையில் இறைவனுக்கு வாசிக்கச் சொல்லலாம். அங்கே மதிப்பெண் இடுபவர் எவருமில்லை என்பதைக் குழந்தை விரைவில் உணர்ந்துகொள்ளும்.

1963-இல் எம்.எஸ். பாடிப் பதிவான வேங்கடேச சுப்ரபாதம் இன்றும் விடியற்காலையில் எண்ணற்ற இல்லங்களில் ஒலிக்கிறது. அவருடைய பெயருக்கு முன் நிற்கும் 'எம்' மதுரையைக் குறிக்கும். 'எஸ்' என்னும் எழுத்து, அருகில் அமர்ந்து வீணை வாசித்த தாய் சண்முகவடிவைக் குறிக்கும்.