விசாரியாமல் நம்பிய கதை



உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ‘சிவிலைசேஷன்’ என்னும் கணினி விளையாட்டை அறிந்திருக்கக்கூடும். 1991-இல் சிட் மெயர் உருவாக்கிய அவ்விளையாட்டில் நாட்டுத் தலைவர்கள் உடன்படிக்கை செய்வர், போரும் தொடுப்பர். அவர்களுள் ஒருவர் காந்தி.

அவரைக் குறித்து ஒரு கதை உலகெங்கும் பரவிற்று. அவருடைய போர்க்குணத்தின் அளவு 1. இந்தியா ஜனநாயகத்தை ஏற்றவுடன் அதில் 2 குறைக்கப்பட, நிரற்பிழையால் அது 255 ஆயிற்று. ஆகவே அகிம்சையின் தலைவர் அணுகுண்டு வீசத் துணிந்தார் என்பதே அக்கதை.

2020-இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பு நூலில், அப்படியொரு பிழை இருந்ததேயில்லை என்று சிட் மெயர் எழுதினார். அணுவாயுதம் பெற்ற எந்தத் தலைவரும் விடுக்கும் மிரட்டலையே காந்தியும் விடுத்திருந்தார்.

பின்னர் ஏன் இத்தனை பேர் நம்பினார்கள்? கதையில் எண்கள் இருந்தன. நுணுக்கமாகச் சொல்லப்பட்டதை மெய்யென்று கொண்டார்கள். நானும் அதை ஒரு வாலிபர் கூட்டத்தில் விசாரியாமல் சொல்லியிருக்கிறேன்.

சபையில் எழும் அவதூறும் இவ்விதமே வருகிறது: ஒரு தேதி, ஒரு தொகை, “கண்ணால் கண்டேன்” என்னும் ஒரு சொல். விளையாட்டில் எவருக்கும் காயமில்லை. இங்கேயோ ஒரு சகோதரியின் நற்பெயர் அழிகிறது. பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளை, அதைப் பிறப்பித்தவனுக்கு மாத்திரமல்ல, சுமந்து செல்பவனுக்கும் உரியது.

இவ்வாரம் ஒருவரைப் பற்றி ஏதேனும் கேள்விப்பட்டால், மத்தேயு 18:15 காட்டும் வழியில் முதலாவது அவரிடமே தனித்துச் செல்லுங்கள். கர்த்தர் நம் செவியையும் நாவையும் காப்பாராக. ஆமென்.