மாத்திடு மாத்திடுன்னா எத்தனையைத்தான் மாத்தறது?

கேம் ஆடிட்டு இருக்கும்போது பொட்டி படக்குன்னு அணைஞ்சு போகுதுன்னு நாலு பேர்கிட்ட சொல்லிப் பாருங்க. ஒருத்தர் "கிராபிக்ஸ் கார்டு அவுட்" என்பார். அடுத்தவர் "மதர்போர்டு". மூணாமவர் "விண்டோஸ் ஃபார்மட் போடு, சரியாயிடும்". நாலாமவர் கொஞ்சம் வசதியானவர், "பழசாயிடுச்சுப்பா, மொத்தமா புதுசு வாங்கிடு"ன்னு முடிச்சுடுவார். நாலு பேர்ல ஒருத்தர்கூட கேபினட்டோட பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்திருக்க மாட்டார். நாடி பிடிக்காம மருந்து சீட்டு எழுதற தைரியம் கம்ப்யூட்டர் விஷயத்துல மட்டும் எங்கிருந்துதான் வருதோ!

என் கட்சி இதுதான். வீட்டு கேமிங் கம்ப்யூட்டருக்கு காசு தண்ணியா செலவாகறதுக்கு ஹார்டுவேர் விலை பாதிக் காரணம்தான். என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே பர்ஸைத் திறக்கற பழக்கம் மீதிப் பாதி.

என் சித்தி பையன் கதையைக் கேளுங்க. ரைசன் 5 5600, ஆர்.டி.எக்ஸ் 3060 கார்டு, 16 ஜிபி ராம். சித்தப்பா சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்தது. கேம் ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல பொட்டி அணையும். அணைஞ்சு தானே திரும்ப ஸ்டார்ட் ஆகும். ஊர்ல ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போனாங்க. "மதர்போர்டு போயிடுச்சு சார்." புது போர்டு போட்டாச்சு, ஒன்பதாயிரத்து சொச்சம். வீட்டுக்கு வந்து ஆடினா பத்தாவது நிமிஷம் அதே படக். திரும்பப் போனா "அப்போ கார்டாத்தான் இருக்கும், பழசைக் கொடுத்துட்டு புதுசு எடுத்துக்கங்க"ன்னு எக்ஸ்சேஞ்ச் பேச ஆரம்பிச்சுட்டாங்க. அந்த வாரம் நான் லீவுக்குப் போயிருந்தேன்.

நான் செஞ்சது பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. புராசசருக்கு மட்டும் வேலை கொடுத்து அரை மணி நேரம் ஓட விட்டேன், அணையலை. கார்டுக்கு மட்டும் கொடுத்தேன், அணையலை. ரெண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தேன், மூணாவது நிமிஷம் படக். வெப்பநிலை அப்போ எழுபதுக்குப் பக்கம்தான், சூடும் காரணம் இல்லை. ஆஃப்டர்பர்னர்ல கார்டோட பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கிட்டு கேம் ஆடச் சொன்னேன். பையன் ரெண்டு மணி நேரம் ஆடினான், சித்தி வந்து திட்டி அணைக்கற வரைக்கும் பொட்டி அணையலை. :-)

இதுக்கு மேல துப்பறியறதுக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் வேணுமா? தனித்தனியா தாங்குது, சேர்ந்தா தாங்கலை, கரண்ட் குறைச்சா தாங்குது. எஸ்.எம்.பி.எஸ் தான். பக்கத்துத் தெரு நண்பன் வீட்டுல இருந்து நல்ல எஸ்.எம்.பி.எஸ் ஒண்ணு கடன் வாங்கி மாட்டிப் பார்த்தோம். சரியாப் போச்சு. மாட்டியிருந்தது கேபினட்டோட சும்மா வந்த எஸ்.எம்.பி.எஸ். புதுசுக்கு நாலாயிரத்து ஐநூறு ஆச்சு. தேவையே இல்லாம வாங்கின போர்டோட விலையில அதுல ரெண்டு வாங்கியிருக்கலாம்.

அந்த "450 வாட்" ஸ்டிக்கரைப் பத்தி ரெண்டு வார்த்தை. மேல பெரிய எழுத்துல என்ன போட்டிருந்தாலும் பக்கத்துல இருக்கற சின்ன கட்டத்தைப் படிங்க. புராசசரும் கார்டும் தின்கறது 12 வோல்ட் லைனை. அதுல 18 ஆம்பியர்னு போட்டிருந்தா, 12 பெருக்கல் 18, மொத்தமே 216 வாட். மீதி வாட்டெல்லாம் இன்னைக்கு யாரும் பெருசா பயன்படுத்தாத 3.3, 5 வோல்ட் லைன்ல. 3060 கார்டு மட்டும் 170 வாட். அதுவும் சராசரி, மில்லிசெகண்ட் கணக்குல அதுக்கு மேல எகிறும். அந்த எகிறலைத் தாங்காத எஸ்.எம்.பி.எஸ் தன்னைத்தானே அணைச்சுக்கும். நல்லதா இருந்தா அணைச்சுக்கும், மட்டமானதா இருந்தா கூட நாலு பேரையும் கூட்டிட்டுப் போகும். இன்னொண்ணு, 80 பிளஸ் முத்திரையை ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி பார்க்கறாங்க. அது எத்தனை சதவீதம் கரண்ட் வீணாகாம வருதுங்கறதுக்கு மட்டும்தான். பாதுகாப்புக்கு அது உத்தரவாதம் இல்லை.

ஃபார்மட் கோஷ்டி இன்னொரு ரகம். ஈவன்ட் வியூவரைத் திறந்து "கெர்னல் பவர் 41"ங்கற சிவப்பு வரியைப் பார்த்ததும், கெர்னல்னு வருதே, அப்போ விண்டோஸ்தான் கெட்டிருக்கும்னு முடிவு கட்டிடறாங்க. அந்த வரிக்கு அர்த்தம் "ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம திரும்ப ஸ்டார்ட் ஆகியிருக்கேன்" அவ்வளவுதான். ஏன்னு அது சொல்லவே இல்லை. நீங்க சுவிட்ச் போர்டுல பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41 தான் வரும். அதைப் பார்த்து ஃபார்மட் போடறது, வீடு இருட்டா இருக்குன்னு சுவத்துக்கு வெள்ளையடிக்கற மாதிரி.

"ஹார்டு டிஸ்க் போச்சு" தீர்ப்பும் அப்படித்தான். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதுல ரீஅலொகேட்டட் செக்டார், பெண்டிங் செக்டார் ஏறிக்கிட்டே போனா டிஸ்க்குக்கு நிஜமாவே ஆயுள் முடியுது, உடனே பேக்கப் எடுங்க. ஆனா சி.ஆர்.சி. எரர் கவுன்ட் மட்டும் ஏறினா சந்தேகப்பட வேண்டியது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல போற சாட்டா கேபிளை. (அந்த எண் ஒருதரம் ஏறினா இறங்காது. கேபிள் மாத்தினதுக்கு அப்புறம் மேல ஏறாம நின்னாப் போதும்.) நூறு ரூபா சமாச்சாரம். இதைப் பார்க்காம மூவாயிரத்துக்கு டிஸ்க்கை விக்கறது வியாபாரமா, வேற ஏதாவதா?

சரி, பொட்டி அணையலை, ஆனா கேம் திக்குது, மெதுவா ஓடுதுன்னா? இங்கதான் பாட்டில்நெக் கால்குலேட்டர்னு சில தளங்கள் வந்து உக்காரும். புராசசர் பேரு, கார்டு பேரு கொடுத்தா "14.3 சதவீதம் பாட்டில்நெக்"னு புள்ளி வச்சு சொல்லும். எந்த கேம், எந்த ரெசல்யூஷன், எந்த செட்டிங்னு தெரியாம அந்த எண்ணுக்கு கிளி ஜோசியத்துக்கு இருக்கற மரியாதைகூட கிடையாது. கிளியாவது சீட்டைத் தொட்டு எடுக்குது.

காசு செலவில்லாத சோதனை ஒண்ணு இருக்கு. கேம்ல ரெசல்யூஷனை 1080ல இருந்து 720க்கு இறக்குங்க. எஃப்.பி.எஸ். நல்லா ஏறினா இத்தனை நேரம் கார்டுதான் மூச்சு வாங்கிட்டு இருந்திருக்கு. கொஞ்சமும் ஏறலைன்னா கார்டு சும்மா உக்காந்து புராசசருக்கோ ராமுக்கோ காத்திருக்கு. அந்த நிலையில நாப்பதாயிரத்துக்குப் புதுக் கார்டு வாங்கி மாட்டினா அதுவும் பக்கத்துல உக்காந்து காத்திருக்கும். (வி சின்க், எஃப்.பி.எஸ். லிமிட் ரெண்டையும் அணைச்சுட்டு சோதிக்கணும், இல்லேன்னா கணக்கு தப்பும்.) டாஸ்க் மேனேஜர்ல புராசசர் 30 சதவீதம்தானே காட்டுதுன்னு கேட்காதீங்க. 6 கோர், 12 த்ரெட் புராசசர்ல ஒரே ஒரு த்ரெட் முழுசா மூச்சு முட்டி நின்னாலும் மொத்தக் கணக்குல அது 8 சதவீதம்தான்.

வாங்கறதுக்கு முன்னாடி, ஏற்கனவே காசு கொடுத்து வாங்கினதை முழுசா பயன்படுத்தறீங்களான்னு பாருங்க. 3200னு பெட்டியில போட்ட ராம், பயாஸ்ல எக்ஸ்.எம்.பி. போடாததால 2133லயோ 2400லயோ ஓடிட்டு இருக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸ் செட்டிங்ல 60ல கிடக்கும். இதைவிடக் கொடுமை, மானிட்டர் கேபிளை கார்டுல சொருகாம மதர்போர்டுல சொருகிட்டு "கார்டு வேலை செய்யலை"ன்னு அழறது. 5600ஜி மாதிரி உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கற புராசசர் வாங்கினவங்களுக்கு ஒத்தை 16 ஜிபி ராம் கொடுத்து அனுப்பற கடைகளை என்ன சொல்றது? தனி மெமரி இல்லாத அந்த கிராபிக்ஸ் ராமைத்தான் நம்பி இருக்கு. 3200 ராம் ஒத்தையா இருந்தா நொடிக்கு 25.6 ஜிபி, ரெண்டு 8 ஜிபியா போட்டா 51.2 ஜிபி. அதே 16 ஜிபி, பாதை மட்டும் ரெண்டு மடங்கு அகலம். நாலு ஸ்லாட் இருக்கற போர்டா இருந்தா புராசசர் பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவதுல போடுங்க.

கடைக்காரரை மட்டும் திட்டினா அது அநியாயம். பெரிய கம்பெனிகள் இதைவிட சுத்தமா செய்யறாங்க. 2018ல ஜிடி 1030ங்கற அதே பேர்ல டிடிஆர்4 மெமரி போட்டு ஒரு கார்டு வந்தது. முதல்ல வந்த ஜிடிடிஆர்5 கார்டுக்கு மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி, இதுக்கு 16.8. பேர் ஒண்ணு, ஆள் வேற. 2022ல வந்த ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்.டி. கார்டுக்கு நாலே நாலு பி.சி.ஐ. லேன். புது 4.0 போர்டுல ஓரளவு ஓடும். பழைய 3.0 போர்டுல மாட்டினா பாதை பாதியாகி நொண்டும். மலிவுக் கார்டு வாங்கறவன்கிட்ட இருக்கறது பழைய போர்டுதானேங்கறது கார்டை வடிவமைச்சவங்களுக்குத் தெரியாதா? 2017ல இன்டெல், எட்டாம் தலைமுறை புராசசரை அதே 1151 பின் சாக்கெட்லயே கொண்டு வந்துட்டு, பழைய போர்டுல ஓடாதுன்னு சொன்னது. பொழுதுபோகாத நாலு பேர் பின்களை ஒட்டி, பயாஸை மாத்தி பழைய போர்டுல ஓட்டியே காட்டினாங்க. மறுபக்கம் ஏ.எம்.4ஐப் பாருங்க. 2017 போர்டுகள் பலதுல பயாஸ் அப்டேட் மட்டும் போட்டு 2022ல வந்த 5800எக்ஸ்3டி வரைக்கும் மாட்ட முடிஞ்சது. அதுக்கும் ஏ.எம்.டி. முதல்ல முரண்டு பிடிச்சுட்டு அப்புறம்தான் இறங்கி வந்தது, சும்மா ஒண்ணும் கொடுக்கலை.

அப்புறம் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14ஓட அதுக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தினது. "உங்க பொட்டியில 11 ஏறாது, புதுசு வாங்குங்க"ன்னு கிளம்பிட்டாங்க. பாதி உண்மை. 2017 ஆரம்பத்துல வந்த ஐ7 7700கே ஆதரவுப் பட்டியல்ல இல்லை, அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா அதே வருஷக் கடைசியில வந்த ஐ5 8400 பட்டியல்ல இருக்கு! அதுக்கும் ஏறாதுன்னு ஏன் காட்டுதுன்னா டி.பி.எம். பயாஸ்ல அணைஞ்சு கிடக்கும். இன்டெல் போர்டுல பி.டி.டி.னும் ஏ.எம்.டி. போர்டுல எஃப்.டி.பி.எம்.னும் பேர் இருக்கும், ஆன் பண்ணினா முடிஞ்சது. விண்டோஸ் 11ல வேலரன்ட் ஆட டி.பி.எம்.மும் செக்யூர் பூட்டும் கட்டாயம். அதுக்கும் இதே பயாஸ்தான் வழி. டிஸ்க் பழைய எம்.பி.ஆர். முறையில இருந்தா விண்டோஸோடவே வர்ற எம்பிஆர்2ஜிபிடி கருவியால மாத்திக்கலாம். பேக்கப் எடுத்துட்டு செய்யுங்க, அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

இதெல்லாம் இப்போ ஏன் இத்தனை கோபமா எழுதறேன்னா, மாத்தறது முன்ன மாதிரி மலிவும் இல்லை. 2025 கடைசியில ராம் விலை ஏறின வேகத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். மெமரியெல்லாம் ஏ.ஐ. சர்வர்களுக்குப் போகுது. மைக்ரான் கம்பெனி தன்னோட குரூஷியல் சில்லறை வியாபாரத்தையே மூடறதா அந்த டிசம்பர்ல அறிவிச்சது. இந்த நேரத்துல "எதுக்கும் ராம் மாத்திப் பார்ப்போம்"னு சொல்றவர்கிட்ட, மெம்டெஸ்ட்86ஐ ராத்திரி முழுக்க ஓட விட்டீங்களான்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா நான் ஒரு தலைப்பட்சம். சித்தி பையன் பொட்டியில நான் செஞ்ச வேலைக்கு ஒரு முழு சாயங்காலம் ஆச்சு. ஒரு டெக்னீஷியன் அத்தனை நேரம் உக்காந்து "போர்டு நல்லா இருக்கு, கார்டு நல்லா இருக்கு, எஸ்.எம்.பி.எஸ் மாத்துங்க, பார்த்த கூலி ஐநூறு"ன்னா நாம என்ன சொல்வோம்? "ஒண்ணுமே பண்ணலையே, சும்மா பார்த்ததுக்கு ஐநூறா?" ஒன்பதாயிரத்துக்கு போர்டு வாங்கும்போது வராத வயித்தெரிச்சல் அந்த ஐநூறுக்கு வரும். உழைப்புக்குக் கூலி கொடுக்க மாட்டோம், பொருளுக்குக் கொடுப்போம். அப்புறம் அவர் பொருளை விக்காம என்ன பண்ணுவார்? சிப் லெவல் சர்வீஸ்னு போர்டு மாட்டி, மைக்ரோஸ்கோப் வச்சு, பத்து ரூபா கெபாசிட்டரை மாத்தி போர்டுக்கு உயிர் கொடுக்கறவங்க ரிச்சி தெரு மாதிரி இடங்கள்ல இன்னும் இருக்காங்க. அவங்ககிட்டயும் போய் "பத்து ரூபா பார்ட்ஸுக்கு ஆயிரமா"ன்னு பேரம் பேசற கூட்டம் நாமதான்.

அதனால அடுத்த தரம் கடைக்குப் போனா இப்படிக் கேட்டுப் பாருங்க: "அண்ணே, எதையும் மாத்தாதீங்க. எது கோளாறுன்னு மட்டும் எனக்குக் காட்டுங்க, அதுக்கு எவ்வளவு?" ஒரு தொகை சொன்னார்னா பேரம் பேசாம கொடுங்க. "அதெல்லாம் மாத்திப் பார்த்தாத்தான் தெரியும்"னா, கடையில இருக்கற நல்ல பார்ட்ஸை மாட்டிக் காட்டச் சொல்லுங்க, பில் அப்புறம் போடலாம். அதுக்கும் ஒத்துக்கலையா, பொட்டியைத் தூக்கிட்டு அடுத்த கடைக்கு நடங்க.

பி.கு.: கேபினட்டைத் தொட்டா சுருக்குன்னு ஷாக் அடிக்குதுன்னா அதுக்கும் எஸ்.எம்.பி.எஸ் மாத்தச் சொல்வாங்க. முதல்ல சுவர் பிளக்லயும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லயும் எர்த் இருக்கான்னு எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்க. எர்த் இல்லாத லைன்ல நல்ல எஸ்.எம்.பி.எஸ்கூட உள்ளே இருக்கற ஃபில்டர் கெபாசிட்டர் வழியா கேபினட்டுக்குக் கசிய விடும், டெஸ்டர் வச்சா எரியும். எஸ்.எம்.பி.எஸ் மூடியை மட்டும் யாரும் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின அப்புறமும் உள்ளே கெபாசிட்டர்ல கரண்ட் இருக்கும்.