புகார் சொன்ன பிள்ளைக்கு யார் காவல்?

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி ஓட்டும் தோழர்களே, சங்ககிரி லாரிப் பட்டறைத் தோழர்களே, ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைகளில் கிழங்கு உரிக்கும் அக்காமார்களே!

இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அரைநாள் கூலி போனாலும் பரவாயில்லை, வாருங்கள். அன்றுதான் உங்கள் பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம். கழிப்பறை பற்றிப் பேசட்டும், சுற்றுச்சுவர் பற்றியும் பேசட்டும். பிள்ளையைப் பிள்ளை அடித்து மிரட்டும் கொடுமையைத்தான் முதலில் பேச வேண்டும்.

2025 பிப்ரவரியில் நம் எடப்பாடியில் பள்ளி வேனில் சீட்டுக்காகத் தகராறு. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் செத்தே போனான். அடித்ததும் ஒரு பள்ளிப் பிள்ளைதான். இரண்டு குடும்பம் சிதைந்தது. நாமோ நாலு நாள் பேசிவிட்டு அவரவர் ஷிப்டுக்குப் போய்விட்டோம். பள்ளி வேனில் ஓட்டுநரோடு உதவியாளரும் இருக்க வேண்டும் என்பது 2012இலிருந்தே விதி. உங்கள் பிள்ளை போகும் வேனில் பின்சீட்டுப் பக்கம் பார்க்க யாராவது இருக்கிறார்களா? நாளைக் காலையிலேயே ஏறிப் பாருங்கள்.

நாங்குநேரியை மறக்க முடியுமா? பட்டியல் சாதிப் பையன், நன்றாகப் படிப்பவன். கூடப் படித்தவர்களே சாதியைச் சொல்லிப் படுத்திய பாட்டில் பள்ளிக்கே போகாமல் நின்றுவிட்டான். விசாரித்தபோது நடந்ததைச் சொன்னான், புகார் பள்ளிக்குப் போனது. 2023 ஆகஸ்ட் 9 இரவு வீடு தேடி வந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு. தோழர்களே, அந்தப் பிள்ளை வாய் திறந்து சொன்ன பிறகுதான் இது நடந்தது! “பயப்படாம சொல்லு கண்ணு” என்று நாம் தைரியம் சொல்கிறோம். சொன்ன பிள்ளை அன்று சாயங்காலம் யாரோடு வீடு திரும்பும் என்று யோசிக்கிறோமா? அதற்கு ஏற்பாடு செய்யாமல் பேசச் சொல்வது பிள்ளையைத் தனியே முன்னால் தள்ளிவிடுவதுதான்.

இந்தக் கொடுமைக்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அறிக்கை வந்ததாலேயே கயிறு அவிழ்ந்துவிடாது. உங்கள் பையன் கையில் கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்து வையுங்கள். கட்டியது நம் வீட்டுப் பெரியவர்களாக இருந்தால் அவர்களிடமும் பேசுங்கள்.

பள்ளியில் படும் கொடுமையைப் பிள்ளைகள் தாங்களாகச் சொல்வது அபூர்வம். திங்கட்கிழமை தவறாமல் வரும் வயிற்றுவலி, வாங்கிக் கொடுத்த ஒரே வாரத்தில் தொலையும் ஜாமென்ட்ரி பாக்ஸ், திறக்காமலே திரும்பும் சாப்பாட்டு டப்பா: இவற்றைக் கவனியுங்கள். மாலையில் வந்ததும் வராததுமாகக் கழிப்பறைக்கு ஓடுகிறானா? பள்ளிக் கழிப்பறைப் பக்கம் போகவே பயந்து நாள் முழுக்க அடக்கி வைத்திருக்கிறான் என்று சந்தேகப்படுங்கள். அப்பா லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருப்பார், அம்மாவுக்கு நைட் ஷிப்டு. யாரிடம் சொல்லும் அந்தப் பிள்ளை? “நீயும் திருப்பி அடி” என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அடிக்கிற பிள்ளையின் வீட்டிலும் இதே நிலைமைதான். அவனை வெளியே துரத்துவதல்ல நம் கோரிக்கை. அவன் பெற்றோரையும் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள்.

மற்ற நாடுகள் என்ன செய்தன? 1982இல் நார்வேயில் சகமாணவர் கொடுமை தாளாமல் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே நாடு முழுக்கப் பள்ளிகளில் இதற்கு எதிரான இயக்கம் தொடங்கியது. பின்லாந்தில் துர்கு பல்கலைக்கழகம் வகுத்த திட்டம், சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைக் குறிவைத்தது. அவர்கள் சிரிப்பதை நிறுத்தி அடிபட்டவன் பக்கம் போய் நின்றால் அடிப்பவன் தளர்ந்துபோவான். நம் வகுப்பறையிலும் இதைப் பழக்கலாம். வேண்டியது ஆசிரியருக்கு வாரம் ஒரு பாடவேளையும், பின்னால் நிற்க நாமும்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அங்கே கையெழுத்துப் போட மட்டும் போகாதீர்கள். ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டியை யார் திறக்கிறார், எத்தனை நாளைக்கு ஒருமுறை திறக்கிறார் என்று கேளுங்கள். புகார் சொன்ன பிள்ளையோடு வீடுவரை போக ஒரு பெரியவர், தினமும் விசாரிக்க ஓர் ஆசிரியர் என்று பெயரோடு தீர்மானம் எழுத வையுங்கள். தனியார் பள்ளிப் பெற்றோர் வேன் வாரியாகக் கூடுங்கள். 1098, 14417 என்ற இரண்டு உதவி எண்களையும் ஒவ்வொரு தறிப்பட்டறைச் சுவரிலும் இன்றிரவே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை தனியாக வராதீர்கள், பக்கத்துத் தறிக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.