முதுகுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி



நாம் ஓட்டும் வண்டியின் முன்கண்ணாடியில் ஒரு சிறு கல் தெறித்து மயிரிழை அளவு விரிசல் விழுந்தாலும் நம் மனம் அமைதியடைவதில்லை. அன்றைக்கே பழுதுபார்ப்பவரைத் தேடுகிறோம். ஆனால் பின்கதவின் கண்ணாடி முழுவதும் நொறுங்கிக் கொட்டிப்போனாலோ, ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்து நாற்புறமும் ஒட்டிவிட்டு, "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிடுகிறோம். அந்த அடுத்த வாரம் ஒரு மாதமாகவும் ஆகிவிடுகிறது. இதன் காரணத்தைக் கண்டறிவது கடினமன்று. முன்கண்ணாடி நம் கண்களுக்கு எதிரே இருக்கிறது. பின்கண்ணாடியோ நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கு மிக அருகில் உட்காருகிறவர்கள் நாம் அல்லர்; பெரும்பாலும் நம் பிள்ளைகளும் முதியவர்களுமே.

பின்கண்ணாடியை மாற்றுவதில் தாமதமும் கூடாது, அவசரமும் கூடாது என்பதே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்பும் கருத்து. இது எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும். எனினும் மின்சாரத்திலும் பெட்ரோலிலும் ஓடுகிற பிளக்-இன் ஹைபிரிட் எஸ்யூவி வண்டிகளுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். மிட்சுபிஷி நிறுவனத்தின் அவுட்லேண்டர் பிளக்-இன் ஹைபிரிட் 2013-ஆம் ஆண்டு ஜப்பானிலும், 2014-இல் பிரிட்டனிலும் விற்பனைக்கு வந்தது. பிரிட்டனில் பல குடும்பங்கள் அதை விரும்பி வாங்கின. முன்புறம் ஒரு பெட்ரோல் எஞ்சின். முன் அச்சுக்கு ஒரு மோட்டார், பின் அச்சுக்கு ஒரு மோட்டார். தளத்தின் கீழே பெரிய மின்கலம். தொடக்க கால வண்டிகளில் அந்த மின்கலத்தின் கொள்ளளவு 12 கிலோவாட் மணி. ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 50 கிலோமீட்டர் செல்லும் என்பது அக்காலச் சோதனை அளவு. பள்ளிக்கும் கடைக்கும் ஆலயத்திற்கும் போய்வர அது போதும். ஆகவே இவ்வண்டியை வைத்திருப்பவர் பல நாட்கள் எஞ்சினின் ஓசையையே கேட்காமல் ஓட்டியிருக்கக்கூடும். "என் வண்டியில் புகையில்லை" என்ற நம்பிக்கை அவருக்குள் மெல்ல வேரூன்றிவிடுகிறது.

ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. மின்கலம் தீர்ந்தால் எஞ்சின் தானாகவே இயங்கத் தொடங்கும். மேட்டில் ஏறும்போது வேகமிதியை ஆழமாக அழுத்தினாலும் இயங்கும். கடுங்குளிரில் உள்ளறையைச் சூடாக்குவதற்காகவும் இயங்கக்கூடும். நம் அனுமதியை அது கேட்பதில்லை. சாலையின் இரைச்சலில் அது தொடங்கியதை நாம் கவனிக்காமலும் போகலாம்.

இப்போது பின்கண்ணாடி இல்லாத வண்டியை நினைத்துப் பாருங்கள். எஸ்யூவி போன்ற உயரமான, பின்புறம் செங்குத்தாக முடியும் வண்டி வேகமாக ஓடும்போது, அதன் பின்னே காற்றழுத்தம் குறைந்து, காற்று சுழன்று வண்டியை நோக்கியே திரும்புகிறது. புகைக்குழாயிலிருந்து வெளிவரும் வாயு அந்தச் சுழலில் சிக்கி, திறந்த பின்புறத்தின் வழியாக உள்ளே வர இடமுண்டு. பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள் என்று வண்டியின் கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான். கண்ணாடி இல்லாத கதவும் திறந்த கதவுதான். காற்றில் படபடக்கும் பிளாஸ்டிக் தாள் அதை மூடிவிடாது.

அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்வதைவிட இந்த நச்சு வாயுவை 200 மடங்குக்கும் அதிக உறுதியோடு பற்றிக்கொள்கிறது. சூடேறிய எஞ்சினில் புகைச் சுத்திகரிப்பான் இந்த நச்சில் பெரும்பகுதியை அழித்துவிடும். ஆனால் குளிர்ந்த நிலையில் அந்தச் சுத்திகரிப்பான் சரியாக வேலை செய்யாது. சாதாரண வண்டியில் எஞ்சின் வீட்டு வாசலிலேயே தொடங்கிச் சூடேறிவிடும். ஹைபிரிட் வண்டியிலோ அது பாதி வழியில், முழு வேகத்தில், குளிர்ந்த நிலையில் தொடங்கலாம். பின்னிருக்கையில் இருக்கும் குழந்தை தலைவலி என்றும் குமட்டல் என்றும் சொன்னால், பயண மயக்கம் என்று நாம் தேற்றிவிடுவோம். உறங்கிவிட்டாலோ, நிம்மதியாகத் தூங்குகிறது என்று மகிழவும் செய்வோம். சிந்தித்துப் பாருங்கள்.

"சிறு ஓட்டையை அடைப்பதுபோல் இதையும் அடைக்க முடியாதா?" என்று சிலர் கேட்கலாம். முடியாது. முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. அது விரிசல் விட்டாலும் சிதறாமல் நிற்கும். சிறு காயமானால் பிசின் இட்டு ஆற்றலாம். பின்கண்ணாடி பெரும்பாலும் வேறு வகை. அதை 600 டிகிரி செல்சியஸுக்கும் மேலாகச் சூடாக்கி, குளிர்காற்றை வேகமாக வீசி ஆற்றுகிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது; உட்பகுதி பின்னர் இறுகும்போது மேற்பரப்பை உள்நோக்கி இழுக்கிறது. வெளியே அழுத்தம், உள்ளே இழுவிசை. இந்த இரண்டின் சமநிலைதான் அதன் வலிமை. ஆனால் ஓரிடத்தில் அந்தச் சமநிலை குலைந்தால் முழுக் கண்ணாடியும் ஒரே கணத்தில் சிறு மணிகளாக உதிர்ந்துவிடும். கூரிய வாள்களாக உடையாமல் மணிகளாக உதிர்வது நம் பாதுகாப்புக்காகவே. எனவே அதற்கு ஒட்டுப்போட வழியில்லை. முழுவதையும் மாற்றவே வேண்டும்.

மாற்றும்போது நாம் மனதிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. உடைந்தது வெறும் கண்ணாடி மட்டுமன்று. அதன்மேல் மெல்லிய கோடுகளாக ஓடும் வெள்ளிக்கலவைக் கம்பிகள் பனியையும் ஆவியையும் நீக்குபவை. சில வண்டிகளில் வானொலியின் அலைவாங்கியும் அந்தக் கோடுகளுக்கு நடுவே அமைந்திருக்கிறது. பின்துடைப்பானுக்கான துளை, உயரத்தில் எரியும் மூன்றாவது பிரேக் விளக்கின் வயர்கள், உள்ளே இருப்பவரை மறைக்கும் கருநிறம் என்று இன்னும் எத்தனையோ உண்டு. கடினமாக்கிய கண்ணாடியில் பிறகு துளையிடவோ அதை வெட்டவோ இயலாது. ஆகையால் அந்த மாதிரிக்கும் அந்த ஆண்டுக்கும் உரிய கண்ணாடியே வேண்டும். "ஏறத்தாழப் பொருந்தும்" என்ற பேச்சுக்கு இடமில்லை. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் கண்ணாடியின் மூலையைப் பார்த்தால், ஒரு வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். பாதுகாப்பு விதிகளின்படி அங்கீகாரம் பெற்றதற்கான அடையாளம் அது. புதிய கண்ணாடியிலும் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மிட்சுபிஷி நிறுவனம் 2021-இல் பிரிட்டனில் புதிய கார் விற்பனையை நிறுத்திக்கொண்டது. இப்படிப்பட்ட வண்டிகளுக்கு உரிய கண்ணாடி வந்துசேரச் சில நாட்கள் ஆகலாம். காத்திருப்பது நல்லது. காத்திருக்கும் நாட்களில் வண்டியை நிறுத்தி வைப்பது அதைவிட நல்லது.

தவிர்க்கவே முடியாமல் பழுதுபார்க்கும் இடம்வரை ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றால், தனியாகச் செல்லுங்கள்; பிள்ளைகளை ஏற்றாதீர்கள். வெளிக்காற்று உள்ளே வரும்படி விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். இக்காலத்தில் வீட்டு வாசலுக்கே வந்து கண்ணாடி பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகையால் அந்தப் பயணமும் பெரும்பாலும் தேவைப்படாது.

அடுத்து, பழைய கண்ணாடியின் மணிகள். அவை டிக்கியின் விரிப்பில் மட்டும் விழுவதில்லை. இருக்கை நகரும் தண்டவாளங்களிலும், இருக்கைப்பட்டையின் பூட்டுக்குள்ளும், குழந்தை இருக்கையின் மெத்தைக்கும் வார்களுக்கும் இடையிலும் ஒளிந்துகொள்கின்றன. பூட்டுக்குள் ஒரு மணி சிக்கினால் அது முழுவதும் பூட்டாமல் போகலாம். சில ஹைபிரிட் வண்டிகளில், மின்கலத்தைக் குளிர்விப்பதற்காக உள்ளறைக் காற்றை இழுக்கும் துளைகள் பின்னிருக்கையின் அருகிலேயே இருக்கின்றன. அவற்றையும் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். குழந்தை இருக்கையை வெளியே எடுத்து, உறையைக் கழற்றி, விரலால் தடவாமல் உறிஞ்சியால் சுத்தம் செய்யுங்கள். கண்ணாடி பொருத்துகிறவர் தம் பங்குக்குச் சுத்தம் செய்வார். ஆனால் உங்கள் பிள்ளை எங்கே கை வைக்கும் என்பது அவரைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இனி, பொருத்தும் வேலை. பழைய பசையை வெட்டி எடுக்கும்போது பின்கதவின் வண்ணப்பூச்சில் கீறல் விழலாம். அந்தக் கீறலுக்கு அப்போதே பூச்சு இடாமல் அதன்மேல் பசையைத் தடவினால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துரு தொடங்கும். துரு பரவினால் பசை பிடிப்பை இழக்கும். மழைநீர் மெல்லக் கசிந்து டிக்கியின் தளத்தில் தேங்கும். நாம் எடுத்துக்கொண்ட வண்டியில் அந்தத் தளத்தின் கீழேதான் பின்மோட்டாரும் அதன் கட்டுப்பாட்டு அமைப்பும் இருக்கின்றன. அவை நன்கு மூடி முத்திரையிடப்பட்டவை. ஒரு துளி நீரால் கெட்டுவிடுபவை அல்ல. ஆனால் சாதாரண வயர்களின் இணைப்புகளுக்கு ஈரம் பகைதான். ஆரஞ்சு நிற உறை போட்ட வயர்களை எங்கே கண்டாலும் தொடாதீர்கள்; அவை உயர் மின்னழுத்தம் செல்லும் வழிகள். கண்ணாடி மாற்றும் வேலைக்கு அவற்றைத் தொட வேண்டிய தேவையே இல்லை. வேலை நடக்கும்போது வண்டியை மின்னேற்றத்திலிருந்து கழற்றி, முழுவதும் அணைத்து வையுங்கள்.

கண்ணாடியை ஒட்டும் பாலியூரித்தேன் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. குளிர்ந்த, வறண்ட நாளில் அது மெதுவாகவே இறுகும். சில பசைகளுக்கு ஒரு மணி நேரம் போதும். சிலவற்றுக்குப் பல மணி நேரம் வேண்டும். அந்தப் பசையின் உறையிலேயே நேரம் குறிக்கப்பட்டிருக்கும். வேலை முடிந்தவுடன் சாவியை வாங்கிப் புறப்படத் துடிக்கிறவர்கள் நம்மில் அநேகர். பொருத்துகிறவர் "இன்னும் சற்று நேரம் நிற்கட்டும்" என்று சொன்னால் அவரோடு வாதாடாதீர்கள். அவர் தம் நேரத்தை இழந்து உங்கள் நலனைக் காக்கிறார். முதல் ஓரிரு நாட்களுக்குப் பின்கதவை ஓங்கிச் சாத்தாதீர்கள். பக்கக் கண்ணாடி ஒன்றைச் சற்றே இறக்கி வையுங்கள். எல்லாக் கதவுகளும் மூடியிருக்கும்போது ஒன்றை அறைந்து சாத்தினால், உள்ளே அடைபடும் காற்று புதிய கண்ணாடியை வெளியே தள்ளும். அதிவேக நீர்ப்பீச்சலில் வண்டியைக் கழுவுவதையும் சில நாட்கள் தள்ளிப்போடுங்கள்.

பிரியமானவர்களே, கண்ணாடி பளபளப்பாக நிற்பதைக் கண்டவுடன் வேலை முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். பனிநீக்கியை இயக்கிப் பாருங்கள். ஆவி படிந்த கண்ணாடியில் எல்லாக் கோடுகளும் தெளிகின்றனவா? ஏதேனும் ஒரு பட்டை மட்டும் மங்கலாகவே நின்றால் அந்தக் கோட்டில் மின்சாரம் ஓடவில்லை. ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதியுங்கள். மூன்று விளக்குகளும் எரிகின்றனவா என்று கேளுங்கள். துடைப்பானை ஓட்டுங்கள். வானொலியைத் திருப்புங்கள். ஐந்து நிமிட வேலைதான் இது. கோடைக்காலத்தில் மாற்றிய கண்ணாடியின் குறை, முதல் உறைபனி விழும் காலையில், பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில்தான் தெரியவரும். பிரிட்டனின் சாலை விதிகள், புறப்படுமுன் எல்லாக் கண்ணாடிகளிலிருந்தும் பனியை அகற்றச் சொல்கின்றன. பின்கண்ணாடிக்கு அந்த விதியில் விலக்கு இல்லை.

செலவைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அங்கே பல காப்பீடுகளில் கண்ணாடிக்கென்றே தனிப் பாதுகாப்பு உண்டு. அதன் கீழ் பின்கண்ணாடியும் அடங்குமா, நீங்கள் கட்டவேண்டிய பங்கு எவ்வளவு என்பதை முதலில் கேளுங்கள். விலை கேட்கும்போது, பசையும் பூச்சும் சுத்தம் செய்வதும் அதில் சேர்ந்தவையா என்றும் கேளுங்கள். மிகக் குறைந்த விலை சொல்கிறவர் இவற்றில் எதை விட்டுவிட்டார் என்று அறிந்த பிறகே முடிவெடுங்கள்.

உபாகமத்தில் ஒரு சட்டம் உண்டு. புது வீடு கட்டுகிறவன் தன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். இல்லையேல், அங்கிருந்து விழுகிறவனுடைய இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். வீட்டுக்காரனுக்குத் தன் மாடியின் விளிம்பு நன்றாகத் தெரியும். அந்தச் சுவர் அவனுக்காக அன்று, அந்த விளிம்பை அறியாத மற்றவர்களுக்காக. நம் வண்டியின் பின்கண்ணாடியும் அத்தகைய சுவரே. ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்காத இடத்தில் உறங்குகிற குழந்தைக்காகவும், நம் பிரேக் விளக்கை நம்பிப் பின்னால் வருகிற முன்பின் அறியாத மனிதருக்காகவும் அது நிற்கிறது. அது உடைந்து கிடந்தால் இந்த வாரமே அதைச் சரிசெய்யுங்கள். சரிசெய்யும்போது முழுவதுமாகச் செய்யுங்கள்.