உள்ளறைக்கு 43 அங்குலமா?

"படுக்கையறைக்கும் 43 அங்குல 4கே டிவிதான், 32 வாங்குவது காசைக் கரியாக்குவது" என்கிறார் நண்பர். கடலூர் முதுநகரின் பழைய வீடுகளில் உள்ளறையை அவர் பார்த்ததில்லை போலும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஆறடி தேறினால் அதிகம். 32 அங்குல எச்டி ரெடி திரையில் ஒரு புள்ளி சுமார் அரை மில்லிமீட்டர். ஆறடியில் அது கண்ணுக்குத் தனியாகப் பிரிவதே அரிது. கேபிளில் எஸ்டி சேனல் பார்ப்பவருக்கோ பெரிய திரை மங்கலைத்தான் பெரிதாக்கும்.

பெரிய திரைக்கு வரி குறைந்துவிட்டது என்று அவர் சொல்வது சரி. 32-க்கு மேல் 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18. அதற்காக அறை நீண்டுவிடுமா? 32 வாங்கி, மிச்சமாகும் காசுக்கு ஐபிஎஸ் பேனல் கேளுங்கள். ஓரத்தில் படுத்துப் பார்ப்பவருக்கும் நிறம் அவ்வளவாக வெளுக்காது. கடையில் நேரே நிற்காமல் பக்கவாட்டில் குந்திப் பாருங்கள், விற்பவர் முறைத்தாலும்.