பால்ஸ் சீலிங் இருக்கட்டும், மொட்டை மாடிக்கு என்ன செய்தீர்கள்?



இப்போது எந்தப் புதுமனை புகுவிழாவுக்குப் போனாலும் பால்ஸ் சீலிங்கைத்தான் முதலில் காட்டுகிறார்கள். "சூடு இறங்காது சார்" என்கிறார்கள். யார் சொன்னது என்று கேட்டால், சீலிங் போட்டவரே சொன்னாராம்!

வகுப்பில் கேட்பது போலவே கேட்கிறேன். வெயில் எங்கே விழுகிறது? தளத்தின் மேலே. அப்படியானால் தடுப்பு எங்கே இருக்க வேண்டும்?

கீழே சீலிங் போட்டால் சூடு கொஞ்சம் குறையும், மறுக்கவில்லை. ஆனால் கான்கிரீட் பகல் முழுவதும் வெந்துகொண்டுதான் இருக்கும். குடித்த வெப்பத்தை இரவில் நம் தலையில் இறக்கும். தினமும் விரிந்து சுருங்கி வெடிப்பு விடும். கசிவு வந்தாலும் சீலிங் மறைத்துவிடும். கம்பி துருப்பிடித்துக் காரை விழும்போதுதான் தெரியும்.

நம் கொத்தனார்கள் இதை அறிந்தவர்கள். தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு, தட்டோடு பதித்தார்கள். இன்று அதைவிட நல்ல பொருள்கள் உள்ளன. அதே தடிமன் கான்கிரீட்டைவிடத் தெர்மாகோல் வெப்பத்தைச் சுமார் 40 மடங்கு குறைவாகக் கடத்தும். அழுத்தம் தாங்கும் வகையைத் தளத்தின் மேல் பரப்பி, ஓடு பதிக்கலாம். அதற்கும் வசதியில்லையா? வெள்ளைப் பூச்சாவது அடியுங்கள். தெலங்கானா அரசு 2023லேயே குளிர்கூரைக்கென்று கொள்கை வகுத்துவிட்டது.

மாடியில் தகர ஷீட் போடுவோருக்கும் ஒரு வார்த்தை. பக்கங்கள் திறந்திருந்தால் அது தளத்துக்குக் குடை. சூடான காற்று வெளியேறிவிடும். சுவர் எழுப்பி அடைத்துவிட்டால் அடுப்பு. அந்த அடுப்பில்தான் வாடகைக்குக் குடும்பங்களை வைக்கிறீர்கள்.

லண்டனில் இருக்கும் பிள்ளைகளுக்குக் காற்றின் அருமை தெரிந்திருக்கும். அங்கே உத்தரங்களுக்கு இடையில் பஞ்சு அடைத்தால், அதன் மேல் 50 மில்லிமீட்டர் காற்று இடைவெளி விடுவார்கள். இல்லையென்றால் வீட்டு ஈரம் குளிர்ந்த கூரையில் நீராகி மரம் உளுத்துப்போகும். குளிர் நாட்டிலேயே கூரை மூச்சுவிட வேண்டும் என்றால், நமக்கு?

உங்களில் பொறியாளர்கள் பலர் இருக்கிறீர்கள். வரைபடத்தில் சீலிங் விளக்குக்கு இடம் குறிக்கும் நீங்கள், தளத்தின் மேல் என்ன வரும் என்பதை ஏன் கொத்தனாரிடம் விட்டுவிடுகிறீர்கள்? மேல்மாடி அறையில் படுப்பது பெரும்பாலும் வயதான அப்பா அம்மாதான். அவர்கள் வெக்கை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

வீடு கட்டும் உறவினர் யாராவது இருந்தால் இதை அனுப்பிவையுங்கள்.