அளப்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்

ஒரே வார்ப்பிரும்புத் துண்டை இரண்டாக வெட்டி இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினால் இரண்டு விதமான பதில் வரும். 120 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க வார்ப்பாலைக்காரர்களுக்கு இதுதான் தீராத தலைவலி. விற்றவர் ஒரு சான்றைக் காட்டுவார், வாங்கியவர் வேறொன்றைக் காட்டுவார், சரக்கு ரயிலடியிலேயே கிடக்கும். 1905-ஆம் ஆண்டுவாக்கில் அவர்களின் சங்கம், 1901-இல் தொடங்கப்பட்ட தேசியத் தர அளவைக் கூடத்தை நாடியது. நான்கு வகை வார்ப்பிரும்புக்கு இதுதான் சரியான கலவை அளவு என்று அரசு முத்திரையோடு மாதிரிகள் தயாராயின. அந்தக் கூடம் இன்று நிஸ்ட் என்ற பெயரில் இயங்குகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய ‘மேற்கோள் மாதிரி’களை அது விற்கிறது.

கோவைப் பவுண்டரிகளில் உலோகக் கலவையை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. கலவை தெரிந்த துண்டு ஒன்றை வைத்துக் கருவியைச் சரிபார்க்காமல் உலையில் இருப்பதை நம்பி வார்க்க முடியாது. அந்த உள்ளங்கை அகலத் துண்டு இல்லாவிட்டால் எத்தனை டன் வார்ப்பு திரும்பி வரும், எத்தனை ரூபாய் உலைக்கே போகும் என்பதுதான் கேள்வி. பம்பு முதல் மோட்டார் வரை வார்க்கும் பவுண்டரிகளை உறுப்பினர்களாகக் கொண்ட, இதை எழுதும் சங்கம் தன் உறுப்பினர்களிடமே கேட்டுப் பார்த்தது. எல்லோரும் ‘நிறைய’ என்றார்கள். எண்ணாகச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்கப் பொதுப்பணம் செலவிடப்பட வேண்டும் என்பதே சங்கத்தின் நிலைப்பாடு. புதிய உலோகக் கலவை, மின்கலப் பொருள், கூட்டுப்பொருள் ஆகியவற்றின் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் அரசு, அவற்றுக்கு அடித்தளமான சோதனைக்கூடம், தரவு வங்கி, மேற்கோள் மாதிரி, அளவை முறை ஆகியவற்றின் பொருளாதாரப் பயனை ஆராயவும் தனியாக ஒதுக்க வேண்டும்.

இந்த அடித்தளத்தை எந்தத் தனி நிறுவனமும் போட முன்வராது. ஜப்பானின் தேசியப் பொருளறிவியல் நிறுவனமான நிம்ஸ் செய்ததைப் பாருங்கள். சூட்டிலும் சுமையிலும் எஃகு மெல்ல மெல்ல நீளுவதைக் க்ரீப் என்பார்கள். கொதிகலன் குழாய் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அங்கே 1969-இல் சுமை தொங்கவிடப்பட்ட ஓர் எஃகுக் கம்பி 2011 வரை சோதனையில் இருந்தது. தொடங்கியவர்கள் ஓய்வுபெற்று, அடுத்த தலைமுறையும் ஓய்வை நெருங்கிய பிறகும் கருவி எண்களைக் குறித்துக்கொண்டே இருந்தது. எந்த முதலாளி 40 ஆண்டு காத்திருப்பார்? ஆனால் அந்தத் தரவுத்தாளை உலகம் முழுக்கக் கொதிகலன் வடிவமைப்பவர்கள் புரட்டுகிறார்கள். பயன் எல்லோருக்கும் போய்ச் சேருகிறது, எவருடைய லாபக் கணக்கிலும் பதிவாவதில்லை. அதனால்தான் பட்ஜெட் சுருங்கும் ஆண்டில் கத்தி முதலில் இங்கே விழுகிறது.

இந்தப் பயனை எண்ணாக மாற்ற ஒரு முறை முயன்றது அமெரிக்கா. ஆய்வகத்தில் பிறந்த பொருள் சந்தைக்கு வர 10 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கின்றன. லித்தியம் அயனி மின்கலத்தின் ஆராய்ச்சி 1970-களில் தொடங்கியது, கடைக்கு வந்தது 1991-இல். இந்தக் காலத்தைப் பாதியாகக் குறைப்பதற்காக 2011 ஜூனில், எஃகுக்குப் பேர்போன பிட்ஸ்பர்க் நகரில் அதிபர் ஒபாமா ‘மெட்டீரியல்ஸ் ஜீனோம்’ முன்முயற்சியை அறிவித்தார். உருக்கிப் பார்த்துத் தோற்று மறுபடி உருக்குவதற்குப் பதிலாக, கணினியும் பொதுத் தரவும் வழிகாட்டினால் சோதனைகள் குறையும் என்பது எண்ணம். வெற்றிகளும் உண்டு. 5 சென்ட் நாணயத்தை அடிக்கும் செலவு அதன் மதிப்பையே தாண்டிவிட்ட நிலையில், நிஸ்ட் ஆய்வாளர்கள் மலிவான மாற்றுக் கலவை ஒன்றைச் சுமார் 18 மாதங்களில் வடிவமைத்தார்கள். நிறம் மாறக்கூடாது, தேயக்கூடாது, மின்கடத்தலைப் பார்த்து நாணயத்தை அடையாளம் காணும் விற்பனை எந்திரம் அதைத் துப்பிவிடவும் கூடாது!

பிறகு நிஸ்ட், இந்த அடித்தளம் முழுமையாக அமைந்தால் என்ன கிடைக்கும் என்று கணக்கிட வட கரோலினாவில் உள்ள ஆர்.டி.ஐ. இன்டர்நேஷனல் என்ற ஆய்வு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தது. (நம் ஊர் ஆர்.டி.ஐ. மனுவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) தொழில்துறையினர் நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் பேசி எழுதப்பட்ட அறிக்கை 2018-இல் வந்தது. ஆண்டுக்கு 12,300 கோடி முதல் 27,000 கோடி டாலர் வரை பயன் கிடைக்கலாம் என்றது அது. நம்பகமான தரவு, ஆய்வகத்திலிருந்து ஆலைக்கு அளவைப் பெருக்கும் முறை, தரச் சோதனை என்று எந்தெந்த இடத்தில் இடைவெளி இருக்கிறது என்பதையும் பிரித்துக் காட்டியது.

சங்கம் இந்த எண்ணை அப்படியே தலையில் வைத்துக்கொண்டு ஆடவில்லை. மேல் எல்லை கீழ் எல்லையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். கிடைத்த பயனல்ல, கிடைக்கக்கூடும் என்று துறையினர் மதிப்பிட்டது. கணக்கெடுக்கப் பணம் கொடுத்ததும், நல்ல கணக்கு வந்தால் பயனடைவதும் ஒரே நிறுவனம். ஆனாலும் எண்ணே இல்லாத நிலையைவிட, எப்படி வந்தது என்று கேள்வி கேட்கக்கூடிய எண் மேல். இடைவெளிகளைப் பிரித்துக் காட்டிய பகுதி அந்தப் பெருந்தொகையைவிடப் பயனுள்ளது என்பது சங்கத்தின் கருத்து.

ஏனென்றால் இப்போதைய சிக்கல் பணத்தை எங்கே போடுவது என்பதுதான். 2023-இல் கூகுள் டீப்மைண்ட் 22 லட்சம் புதிய படிக அமைப்புகளைக் கணித்ததாகவும், அவற்றில் சுமார் 3.8 லட்சம் நிலையானவை என்றும் அறிவித்தது. கணிப்பது மலிவாகிவிட்டது. செய்து பார்ப்பதும், சோதிப்பதும், சான்று வாங்குவதும் மலிவாகவில்லை. இன்னொரு சூப்பர் கணினி வாங்குவதா, நான்கு ஊர்களில் சோதனை உலை வைப்பதா என்பதை உலோகவியலாளர் மட்டும் சொல்லிவிட முடியாது. பொருளாதாரம் படித்தவரும் பக்கத்தில் உட்கார வேண்டும்.

இப்படி உட்கார்ந்ததற்குப் பழைய முன்மாதிரி உண்டு. 1971-இல் பிரிட்டனில் ஹோர் தலைமையிலான குழு, துருவால் ஆண்டுக்கு 136.5 கோடி பவுண்டு இழப்பு, அது தேசிய உற்பத்தியில் 3.5 விழுக்காடு என்று கணக்கிட்டது. ஏற்கெனவே தெரிந்த அறிவைப் பயன்படுத்தினாலே சுமார் 31 கோடி பவுண்டு மிச்சம் என்றும் சொன்னது. அதுவரை பொறியாளர்களின் புலம்பலாக இருந்த துரு, அன்று முதல் அரசின் காதில் விழும் விஷயமானது.

நம் பக்கத்திலும் அடித்தளம் இல்லாமல் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடியில் உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் இயங்குகிறது. கடலோர ஊரான மண்டபத்தின் உப்புக்காற்றில் உலோகத் தகடுகளை வெயிலிலும் மழையிலும் வைத்து, எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று அதன் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். இந்தியாவின் அரிப்பு வரைபடத்தை வரைந்ததும் அந்த நிறுவனமே. கடலோரப் பாலத்துக்கு எந்தப் பூச்சு என்று முடிவெடுப்பவருக்கு அந்த வரைபடம் எத்தனை கோடி மிச்சப்படுத்துகிறது என்பது ஒவ்வொரு பட்ஜெட்டின்போதும் அமைச்சர் மேசையில் இருக்க வேண்டிய தகவல்.

ஒன்றிய அமைச்சரவை 2025 ஜூலையில் 1 லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தனியார் துறைக்கு நீண்ட காலக் குறைந்த வட்டிக் கடன் அதன் முதுகெலும்பு. வரவேற்கத்தக்கதுதான். ஆனால் அரிப்பு வரைபடம் கடன் வாங்காது, வாங்கினாலும் திருப்பிக் கட்ட அதற்கு வருமானம் கிடையாது. அதற்கு மானியம்தான் வழி, மானியத்துக்குக் காரணம் காட்டக் கணக்கு வேண்டும்.

ஆகவே பொருளறிவியல் அடித்தளத்துக்கு ஒதுக்கும் தொகையில் 1 விழுக்காட்டைப் பொருளாதார ஆய்வுக்கென எடுத்துவைக்க வேண்டும் என்று சங்கம் கோருகிறது. ஆய்வு செய்பவரைப் பயன்பெறும் நிறுவனம் தேர்ந்தெடுக்கக் கூடாது. தொடங்கும்போது ஒரு முறை, பத்தாண்டு கழித்து இன்னொரு முறை அளக்க வேண்டும். முதல் மதிப்பீடு பொய்த்திருந்தால் அதையும் வெளியிட வேண்டும். பெரிய ஆலைகளோடு நிறுத்தாமல், 20 பேர் வேலை செய்யும் பவுண்டரியையும் கேட்க வேண்டும்.

‘அந்தக் காசுக்கு ஒரு நுண்ணோக்கி வாங்கலாமே’ என்று உறுப்பினர் கூட்டத்திலேயே எதிர்ப்பு வந்தது. நியாயமான எதிர்ப்புதான், ஆளில்லாமல் உறை போர்த்திக் கிடக்கும் கருவிகளைப் பார்க்காதவரையில்.

ஆய்வு தொடங்கினால் முதல் தரவைச் சங்கமே தரும். உறுப்பினர்கள் தங்கள் கடந்த ஐந்தாண்டு ரிஜெக்‌ஷன் பதிவேடுகளை, வாடிக்கையாளர் பெயர்களை நீக்கிவிட்டு, ஆய்வாளர்களிடம் திறந்து காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.